கார்டு இருக்கிறது, சீட்டு எங்கே? முன்னாள் படைவீரர் மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பற்றி வந்த கடிதங்களில், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய திட்டம் இது. ஊரில் இருப்பது பாலிகிளினிக் என்ற வெளிநோயாளி மருத்துவ மையம், அதற்கு மேலே ரீஜினல் சென்டர் என்ற மண்டல அலுவலகம், எல்லாவற்றுக்கும் மேலே டெல்லித் தலைமையகம். தமிழகத்தில் சென்னையிலும் கோவையிலும் ரீஜினல் சென்டர்கள் உள்ளன. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். பாதிப் பேர் அப்படித்தான் கேட்டிருந்தார்கள்.

நள்ளிரவில் நெஞ்சுவலி. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அது இ.சி.எச்.எஸ். பட்டியலில் இல்லை. ஸ்டென்ட் வைத்து 2,40,000 ரூபாய் கட்டியிருக்கிறோம். பணம் திரும்ப வருமா?
– ஓய்வுபெற்ற நாயக், ஆரணி

வரும். ஆனால் கட்டியது முழுவதும் வராது. மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸின் கட்டண அட்டவணையில் அந்தச் சிகிச்சைக்கு என்ன தொகை போட்டிருக்கிறதோ, நீங்கள் கட்டியது எவ்வளவோ, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி பில்லுக்கும் அந்த அட்டவணைக்கும் நடுவே பெரிய பள்ளம் உண்டு. அந்தப் பள்ளம் உங்கள் கைக்காசு.

திட்டத்தோடு ஒப்பந்தம் போட்ட ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் இரண்டே கேள்விதான். உண்மையில் அவசரமா? எப்போது தகவல் சொன்னீர்கள்? மாரடைப்பு, பக்கவாதம், மூச்சுத்திணறல், விபத்துக் காயம், பாம்புக்கடி, விஷம், திடீர் வயிற்றுக் கோளாறு போன்றவை அவசரக் கணக்கில் வரும். முழங்கால் மாற்று அறுவையை அவசரம் என்று யாரும் ஏற்க மாட்டார்கள். எனவே ஆஸ்பத்திரியிடமிருந்து அவசரநிலைச் சான்றிதழ் வாங்குங்கள். 'நெஞ்சுவலிக்காகச் சேர்க்கப்பட்டார்' என்ற ஒற்றை வரி போதாது. வந்த நேரம், அப்போதைய ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி.யில் தெரிந்த மாற்றம், உடனே சிகிச்சை தராவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற மருத்துவரின் கருத்து, இவை அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது தகவல். சேர்த்த 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். நோயாளிதான் சொல்ல வேண்டும் என்பதில்லை, யார் சொன்னாலும் செல்லும். மகன் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம். போனில் சொன்னால் போனோடு விடாதீர்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள் அல்லது கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். இதில்தான் நிறைய கிளெய்ம் அடிபடுகிறது. நோயாளியைக் கவனிக்கிற பதற்றத்தில் மூன்றாம் நாள்தான் பாலிகிளினிக் ஞாபகம் வரும். உங்களுக்கும் அப்படி ஆகியிருந்தால், தாமதத்துக்கு என்ன காரணம் என்று நேர்மையாக ஒரு கடிதம் எழுதி கிளெய்மோடு இணையுங்கள். இடையில் சனி, ஞாயிறு வந்திருந்தால் தேதியோடு அதையும் எழுதுங்கள்.

கிளெய்ம் கட்டில் வைக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி அசல், வகைவாரியாகப் பிரித்த பில், பணம் கட்டிய ரசீதுகள், சோதனை அறிக்கைகள், அவசரநிலைச் சான்றிதழ், கார்டு நகல், ரத்து செய்த காசோலை. ஸ்டென்ட் என்பதால் இன்னும் இரண்டு. ஸ்டென்ட் பெட்டியில் இருக்கும் வரிசை எண் ஸ்டிக்கர், ஆஞ்சியோகிராம் சி.டி. இவற்றை வீட்டுக்குப் போகும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் பெட்டியைக் குப்பையில் போட்டிருப்பார்கள். இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரி முதல் மத்திய அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. பில்லில் ஸ்டென்ட் விலை தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். 'இதய சிகிச்சை: மொத்தம்' என்று ஒரே வரியில் போட்ட பில் கேள்வியோடு திரும்பி வரும்.

நோயாளி இறந்துவிட்ட குடும்பங்களும் எழுதியிருந்தார்கள். கிளெய்ம் அப்போதும் செல்லும். இறப்புச் சான்றிதழும், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று தரும் பிரமாணப் பத்திரமும் சேர வேண்டும்.

எல்லாவற்றையும் கொடுக்க வேண்டிய இடம் உங்கள் தாய்ப் பாலிகிளினிக், அதாவது உங்கள் கார்டு பதிவாகியிருக்கும் பாலிகிளினிக். கொடுக்கும் முன் ஒரு முழுப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். காகிதம் தொலைந்தது என்றோ, விளக்கம் வேண்டும் என்றோ திரும்பி வந்தால் அந்த ஜெராக்ஸ்தான் காப்பாற்றும்.

கணவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர், தவறிவிட்டார். டிஸ்சார்ஜ் புக்கில் (படையிலிருந்து விலகும்போது தரும் சேவைப் புத்தகம்) என் பெயர் லட்சுமி. ஆதாரில் முத்துலட்சுமி. பிறந்த வருடமும் ஒத்துவரவில்லை. புதுக் கார்டு கிடைக்கவில்லை. எங்கே போய்ச் சொல்வது?
– குடும்பத்தலைவி, குடியாத்தம்

வந்த கடிதங்களில் கால்வாசிக்கு மேல் இந்த வகைதான். டாக்டரால் வருகிற தொல்லையைவிட இனிஷியலால் வருகிற தொல்லை அதிகம் என்றே சொல்லிவிடலாம். படையில் சேரும்போது வாய்வழியாகச் சொன்ன பெயரை வடநாட்டு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அப்பா பெயர் ஒரு ஆவணத்தில் இனிஷியலாக இருக்கும், இன்னொன்றில் பின்பெயராக இருக்கும். மனைவிக்கு வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று. கணினிக்கு இதெல்லாம் வேறு வேறு ஆள்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எதை எதற்கு ஏற்ப மாற்றப் போகிறீர்கள்? படை ஆவணத்தில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் உங்கள் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போனால், ஆதாரைத் திருத்துவதுதான் சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். யாரோ சொன்னார்கள் என்று அவசரப்பட்டு அந்த ஒரு முறையை வீணாக்கிவிடாதீர்கள். ஆதாரை மாற்றினால் வங்கி, பான், ரேஷன் எல்லாவற்றிலும் பெயர் இடறும் என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் விஷயத்தில் வாழ்க்கை முழுவதும் முத்துலட்சுமி என்றுதான் பழகியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியானால் படை ஆவணத்தைத் திருத்துவதே நல்லது. பாலிகிளினிக்கில் இதற்காக மல்லுக்கட்டிப் பயனில்லை. அவர்களிடம் திருத்தும் அதிகாரம் இல்லை. திருத்த வேண்டியது, கணவர் இருந்த படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ். வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், லட்சுமியும் முத்துலட்சுமியும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரம், ஆதார், பான், கணவரின் டிஸ்சார்ஜ் புக் நகல், இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையின் நகல் ஆகியவற்றோடு விண்ணப்பம் கொடுங்கள். நாளிதழ் விளம்பரம் தேவையா, எத்தனை நாளிதழில் என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு செலவு செய்யுங்கள். அலுவலகம் மேலொப்பமிட்டு ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பும். அங்கே மாற்றத்தைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டர் வெளியாகி, அதன் அடிப்படையில் ஸ்பர்ஷ் என்ற படை ஓய்வூதிய இணையதளத்தில் குடும்ப ஓய்வூதிய ஆணை திருத்தப்படும். அதற்குப் பிறகு கார்டு விண்ணப்பம் தானாக நகரும்.

சரியான ரெக்கார்ட்ஸுக்கு அனுப்புவது முக்கியம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி. எனும் மெட்ராஸ் பொறியாளர் பிரிவுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின்-இயந்திரப் பொறியியல் பிரிவான ஈ.எம்.ஈ.க்கும் தளவாடப் பிரிவான ஆர்ட்னன்ஸுக்கும் செகந்திராபாத். தவறான ஊருக்குப் போன கவர் திரும்பி வரவே மாதக்கணக்காகும். கவர் மேலும் விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கணவரின் ராணுவ எண்ணை எழுதுங்கள். அங்கே பெயரை வைத்துத் தேட மாட்டார்கள், எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.

கணவரின் கார்டை ஒப்படைத்துவிடுங்கள். புதுக் கார்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்து அது ஏற்கப்பட்டதும் தற்காலிகச் சீட்டு ஒன்று கிடைக்கும். கார்டு கைக்கு வரும்வரை அதைக் காட்டி மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணவர் உயிரோடு இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புக்கின் குடும்பப் பக்கத்தையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம் போட்டால் முடிகிற வேலை, அவர் போன பிறகு பெரிய மலையாகிவிடும்.

பாலிகிளினிக்கில் கொடுத்த ரெஃபரல் சீட்டோடு (வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டு) கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் செய்ய முடியாது, இந்தச் சீட்டு செல்லாது என்கிறார்கள். அட்வான்ஸ் கட்டினால் செய்கிறோம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
– ஓய்வுபெற்ற ஹவில்தார், மேலூர்

பாதி சரி, பாதி தவறு.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'கண் மருத்துவர் ஆலோசனை' என்று இருந்தால் அது ஆலோசனைக்கு மட்டுமே. மருத்துவர் பார்த்து, கண்புரை அறுவை தேவை என்று எழுதித் தருவார். அந்தக் குறிப்போடு பாலிகிளினிக்குக்குத் திரும்பி, எந்தக் கண், என்ன அறுவை என்று குறித்த புதுச் சீட்டு வாங்க வேண்டும். இரண்டு நடை அலைச்சல்தான், மறுக்கவில்லை. முதல் சீட்டு வாங்கும்போதே 'ஆலோசனையும் தேவையான சோதனைகளும்' என்று எழுதச் சொன்னால் ஸ்கேனுக்காக ஒரு தடவை திரும்பி வருவதாவது மிச்சமாகும். சீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. அதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ், கீமோதெரபி போன்றவற்றுக்கு எத்தனை தடவை என்ற எண்ணிக்கையைச் சீட்டிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் கேட்டது தவறு. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி, செல்லுபடியாகும் சீட்டோடு வருகிறவரிடம் பணம் வாங்காமல் சிகிச்சை தர ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அரசிடமிருந்து பில் தொகை தாமதமாக வருகிறது என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். தாமதம் உண்மைதான், ஆனால் அது அவர்களுக்கும் அரசுக்கும் நடுவில் உள்ள கணக்கு. 'அட்வான்ஸ் வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள்' என்று நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறிவிடும். மாறாவிட்டால் அங்கிருந்தே பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியான ஓ.ஐ.சி.யைக் கூப்பிடுங்கள், அதற்கு மேல் ரீஜினல் சென்டர் டைரக்டருக்கு எழுதுங்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் சிரமம்.

லென்ஸ் விஷயம் வேறு. திட்டத்தில் லென்ஸுக்கு உச்சவரம்பு இருக்கிறது. அதைவிட விலை கூடிய லென்ஸை நீங்களே விரும்பிக் கேட்டால் வித்தியாசம் உங்கள் தலையில் விழும். 'சாதாரண லென்ஸ் வைத்தால் சரியாகத் தெரியாது' என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. திட்டத்தில் கிடைக்கும் லென்ஸில் தூரப் பார்வை நன்றாகத் தெரியும், படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படும். அவ்வளவுதான்.

எந்த ஆஸ்பத்திரி என்பதைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ராணுவ ஆஸ்பத்திரி உள்ள ஊரில் மட்டும், அங்கே அந்த வசதி இருந்தால் முதலில் அங்கே அனுப்புவார்கள். ஒரு ஆஸ்பத்திரி கண்ணுக்கு மட்டும் பட்டியலில் இருக்கும், இதயத்துக்கு இருக்காது. போவதற்கு முன் எந்தப் பிரிவுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறை உங்கள் பதவியைப் பொறுத்தது: ஹவில்தார் வரை பொது வார்டு, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை செமி பிரைவேட், அதிகாரிகளுக்குத் தனி அறை.

குறிப்பிட்ட வயதைக் கடந்த முதியவர்கள் பட்டியல் ஆஸ்பத்திரியில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க ரெஃபரல் சீட்டு தேவையில்லை, கார்டு போதும்; அந்த வயது எத்தனை என்று பாலிகிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே எழுதித் தரும் மருந்துக்குப் பாலிகிளினிக்குக்கு வந்துதான் ஆக வேண்டும்.

எழுதித் தந்த மருந்தில் பாதி 'இல்லை' என்கிறார்கள். இருப்பதும் வேறு பெயரில் இருக்கிறது. இன்சுலினைப் பையில் போட்டுத் தருகிறார்கள். வீடு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகிறது.
– ஓய்வுபெற்ற சுபேதார், பரமக்குடி

வேறு பெயர் என்பதால் வேறு மருந்து என்று நினைக்காதீர்கள். அட்டையில் கம்பெனிப் பெயருக்கு அடியில் சின்ன எழுத்தில் மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் இருக்கும். சீட்டில் உள்ளதோடு அந்த இரண்டும் ஒத்துப்போனால் போதும். மில்லிகிராம் மாறியிருந்தால் மட்டும் கவுன்டரை விட்டு நகராதீர்கள். 500-க்குப் பதில் 1000 தந்து 'பாதியாக உடைத்துப் போடுங்கள்' என்றால், அந்த மாத்திரையை உடைக்கலாமா என்று கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொதுவாக உடைக்கக் கூடாது, மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கிவிடும்.

உண்மையிலேயே இருப்பில் இல்லை என்றால், பாலிகிளினிக் அங்கீகரித்துள்ள உள்ளூர் மருந்துக் கடை வழியாக வரவழைத்துத் தருவது வழக்கம். அங்கும் கிடைக்காதபோது சீட்டில் 'இருப்பில் இல்லை' என்று முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வாங்கி, பில்லோடு கிளெய்ம் செய்யலாம். முத்திரை முன்பே இருக்க வேண்டும். வாங்கிவிட்டு வந்து முத்திரை கேட்டால் யாரும் போட மாட்டார்கள். தொடர் நோய்க்குச் சாதாரணமாக ஒரு மாத மருந்து தருவார்கள். கடைசி மாத்திரை தீரும் நாளில் போகாமல் ஒரு வாரம் முன்பே போனால் இந்த இடைவெளியைச் சமாளிக்கலாம்.

இன்சுலினுக்கு இரண்டு மணி நேரப் பயணம் பெரிய பிரச்சினை இல்லை. வெயிலில் நிற்கும் பேருந்தின் ஜன்னலோரமும் வண்டிப் பெட்டியும்தான் பிரச்சினை. வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்றில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்து, அதன் மேல் இன்னொரு துணி போட்டு இன்சுலினை வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டு உறைந்துபோன இன்சுலின் கெட்டுவிட்டது என்று அர்த்தம். உருகிய பிறகு பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் சர்க்கரை இறங்காது. வீட்டில் பிரிட்ஜ் கதவில் அல்லது நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசர் பக்கமே வேண்டாம். திறந்த குப்பியைப் பொதுவாக 28 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். திறந்த தேதியை மூடி மேல் பேனாவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் 1988-ல் ஓய்வு பெற்றார். திட்டத்தில் சேரவே இல்லை. இப்போது சேர முடியுமா? எவ்வளவு கட்ட வேண்டும்?
– நாகர்கோவில்

சேரலாம். 2003 ஏப்ரலுக்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர்வது கட்டாயம். அதற்கு முந்தியவர்களுக்கு விருப்பம். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் பங்களிப்புத் தொகை கிடையாது, எனவே நீங்கள் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு, ஒரே முறை கட்டும் தொகை, ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜே.சி.ஓ.க்களுக்கு (நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000.

ஒரே ஒரு இழப்பு உண்டு. ஓய்வூதியத்தோடு வரும் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி நின்றுவிடும். அந்த ஆயிரத்துக்காகச் சேராமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு ஆஞ்சியோகிராமுக்கு எத்தனை வருடப் படி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பீரங்கிப் படையில் இருந்தேன். வயது 61. இடது காதில் எப்போதும் 'கீ' என்ற சத்தம். பேசுவது கேட்கிறது, புரியவில்லை. காது மிஷின் இ.சி.எச்.எஸ்.ஸில் கிடைக்குமா?
– திருமங்கலம்

கேட்கிறது, புரியவில்லை என்று நீங்கள் சொல்வதே நோயின் அடையாளம். குண்டுச் சத்தம் உள்காதின் நுண்மயிர்களைத் தாக்கும்போது முதலில் போவது மேல்சுருதி, அதிலும் 4,000 ஹெர்ட்ஸ் பகுதி. உயிரெழுத்துகள் கீழ்ச்சுருதியில் இருப்பதால் அவை கேட்கும். 'ச', 'ஸ', 'த' போன்றவை நழுவிப்போகும். 'பச்சை'யா 'பத்தை'யா என்று குழம்பும். வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் குழல்வாய்க்குப் பக்கம், அதனால் அது கூடுதலாகக் கெட்டிருப்பது சகஜம்.

முதலில் பாலிகிளினிக் மருத்துவர் காதுக்குள் பார்த்து அழுக்கு அடைப்பு இல்லை என்று உறுதி செய்யட்டும். பிறகு காது மூக்கு தொண்டை நிபுணருக்கு ரெஃபரல். அங்கே ஆடியோகிராம். சத்தமில்லாத அறையில் எடுத்தால்தான் அது சரியாக வரும். நிபுணர் எந்தக் காதுக்கு, எந்த வகை மிஷின் என்று எழுதித் தர வேண்டும். அதைக் கொண்டு முன் அனுமதி பெற்று வாங்கினால், வகைக்கு ஏற்ற உச்சவரம்பு வரை பணம் கிடைக்கும். பில்லில் மிஷினின் வரிசை எண் இருக்க வேண்டும். அனுமதிக்கு முன்னால் கடையில் போய் வாங்கிவிட்டு வருவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. மாற்று மிஷின் பொதுவாக 5 ஆண்டு கழித்துத்தான், எனவே வாங்கும்போது கவனமாக இருங்கள்.

வாங்கிய மிஷின் பல வீடுகளில் மேஜை டிராயரில் தூங்குகிறது. விசில் சத்தம் வந்தால் காது அச்சு தளர்ந்திருக்கிறது அல்லது காதில் அழுக்கு சேர்ந்திருக்கிறது, இரண்டும் சரிசெய்யக் கூடியவை. பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் போடாமல் ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள், காற்றிலிருந்துதான் அது சக்தி எடுக்கிறது. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊர் வியர்வை மிஷினுக்கு எமன். முதல் சில வாரம் தட்டு வைக்கும் சத்தம்கூட இடிபோலக் கேட்கும். வீட்டுக்குள் ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டிக்கொண்டே போங்கள். 'கீ' சத்தத்துக்கு மாத்திரை என்று விளம்பரம் செய்வதை நம்பிக் காசை விடாதீர்கள். மிஷின் போட்டு வெளிச்சத்தம் கேட்கத் தொடங்கினால் பலருக்கு அதன் தொல்லை அடங்கும்.

ஒரு காது திடீரென ஒரே நாளில் கேட்காமல் போனால் மட்டும் இந்த வரிசையெல்லாம் பார்க்காதீர்கள். அது அவசரம், அன்றே நிபுணரிடம் போக வேண்டும்.

சர்க்கரை நோயால் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். உள்ளூரில் செய்த செயற்கைக் கால் புண்ணாக்குகிறது. புனே போகச் சொல்கிறார்கள். போகலாமா?
– தேனி

புனேயில் உள்ளது ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம், 1944-ல் தொடங்கப்பட்டது. கண்ணிவெடியில் கால் இழந்த வீரர்களுக்கு உறுப்பு பொருத்திப் பொருத்திக் கை தேர்ந்த இடம். போவது நல்லதே. பாலிகிளினிக் வழியாக ரெஃபரல் வாங்கி, தேதி உறுதியான பிறகு கிளம்புங்கள். அளவெடுத்து, வார்ப்பு எடுத்து, பொருத்தி, நடக்கப் பழக்கி அனுப்புவார்கள். ஒரு நாளில் முடியாது. கூட ஒருவர் தங்க வேண்டும்.

போகும் முன் புண் முழுவதும் ஆற வேண்டும். புண்ணோடு போனால் வார்ப்பே எடுக்க மாட்டார்கள். அதுவரை பழைய காலைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலையோ சக்கர நாற்காலியையோ பயன்படுத்தட்டும். புண் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: வெட்டிய பிறகு சில மாதங்கள் அந்தக் காற்பகுதி வீக்கம் வற்றி மெலிந்துகொண்டே வரும். ஆரம்பத்தில் எடுத்த அளவு பிறகு தளர்ந்து, எலும்பு முனை, செயற்கைக் காலில் காற்பகுதி நுழையும் குழியின் அடியில் போய் இடிக்கும். காலுறை மேல் காலுறை போட்டுக்கொண்டே போக வேண்டியிருந்தால், குழிப்பகுதியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இருக்கிற காலை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒரு கால் போன சர்க்கரை நோயாளிக்கு அடுத்த காலும் ஆபத்தில் இருக்கிறது. தினம் இரவு, உள்ளங்காலுக்குக் கீழே ஒரு கண்ணாடியைப் பிடித்து, விரலிடுக்கு உட்பட நீங்கள் பாருங்கள். மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

மகனுக்கு 26 வயது, வேலை இல்லை. கார்டு முடங்கிவிட்டது. என் அம்மாவைச் சேர்க்க முடியுமா?
– கிருஷ்ணகிரி

மகனுக்கு 25 வயது, திருமணம், சம்பாத்தியம் ஆகியவற்றில் எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. வேலை இல்லை என்பது கணக்கில் வராது. நிரந்தர உடற்குறை உள்ள மகனென்றால் வயது வரம்பு இல்லை. மகளுக்குத் திருமணமோ வருமானமோ வரும்வரை உண்டு, வயது தடையில்லை. பெற்றோரைச் சேர்க்கலாம்; இருவரின் எல்லா வருமானமும் சேர்ந்து மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் தாண்டக் கூடாது.

சார்ந்திருப்போரின் தகுதியை ஆண்டுக்கு ஒரு முறை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஸ்பர்ஷுக்கு உயிர்வாழ் சான்று கொடுத்ததே போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. அது ஓய்வூதியத்துக்கு, இது கார்டுக்கு. இரண்டும் தனித்தனி.

70 வயதானவர்களுக்கு ஆயுஷ்மான் கார்டு தருகிறார்களே, அதையும் வாங்கி வைக்கலாமா?
– சேலம்

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஆயுஷ்மானில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அதுவும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். இ.சி.எச்.எஸ்.ஸில் மாதாமாதம் மருந்தும் வெளிநோயாளி வைத்தியமும் உண்டு. முகாமில் யாராவது வலியச் சேர்த்துவிடப் பார்த்தால், இ.சி.எச்.எஸ். இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

என் மகன் அக்னிவீர். நான்கு ஆண்டு முடிந்து வந்தால் இந்தத் திட்டம் உண்டா? என் அண்ணன் ஏழு ஆண்டு சேவை செய்து ஓய்வூதியம் இல்லாமல் வந்தவர். அவருக்கு?
– சிவகங்கை

மகனுக்கு இல்லை. நான்கு ஆண்டோடு வெளியே வரும் அக்னிவீரருக்கு ஓய்வூதியமும் இ.சி.எச்.எஸ்.ஸும் கிடையாது. வெளியே வந்ததும் தனியாக மருத்துவக் காப்பீடு எடுப்பதை, பணி முடிவில் கையில் வரும் தொகையான சேவா நிதியிலிருந்து முதல் செலவாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இளம் வயதில் பிரீமியம் குறைவு.

அண்ணனுக்கும் இ.சி.எச்.எஸ். கிடைக்காது, அது ஓய்வூதியம் பெறுவோருக்கான திட்டம். ஆனால் ஓய்வூதியம் இல்லாத முன்னாள் வீரர்களில் ஹவில்தார் வரையிலானவர்களுக்கு மத்திய அரசின் படைவீரர் நல அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு மருத்துவ நிதியுதவி தருகிறது. விண்ணப்பம் இணையவழி, பரிந்துரை உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழி. செலவு செய்த பில்களும் டிஸ்சார்ஜ் புக்கும் தேவை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் சேரட்டும். ஒன்றுக்கு ஒன்று தடையில்லை.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் பெங்களூரில் இருப்போம். தஞ்சாவூர் கார்டு அங்கே செல்லுமா? ரேகை வேறு பதிவாவதில்லை.
– தஞ்சாவூர்

நாட்டில் எந்தப் பாலிகிளினிக்கிலும் செல்லும். கார்டோடு கடைசி மூன்று மாதச் சீட்டுகள், சமீபத்திய ஆஸ்பத்திரி அறிக்கை, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அட்டையில் மூலப்பெயர் தெரியும் பகுதியைக் கிழித்துவிடாமல் மறுமுனையிலிருந்து மாத்திரையை எடுத்துப் பழகினால் அங்குள்ள மருத்துவருக்கு வேலை சுலபம். நிரந்தரமாகவே அங்கு தங்கிவிடுவதாக இருந்தால் தாய்ப் பாலிகிளினிக்கை மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு அது வேண்டாம்.

வயதானால் விரல் ரேகை தேய்ந்து, தோல் உலர்ந்துவிடும். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, அதையும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு விரலை வைத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் பதிவு செய்துள்ள மற்ற விரலைக் கேளுங்கள். அதுவும் வராதபோது ஓ.ஐ.சி.யிடம் சொல்லி அடையாளத்தைக் கையால் சரிபார்க்கச் செய்யலாம். ஆதார் அட்டையைக் கையோடு வைத்திருங்கள்.